மைனர் த்ரெட்: அடிக்கடி கேக்குற கேள்விகளும் கொஞ்சம் நீளமான பதில்களும்

என்கிட்ட ஒரு டிஷர்ட் இருக்கு, படிக்கட்டுல ஒரு மொட்டைத்தலை பையன் முட்டி மேல கைய கட்டி தலைய கவுத்துட்டு உக்காந்திருக்குற படம் போட்டது. அத மாட்டிட்டு வெளிய போனா யாராச்சும் ஒருத்தர் "இது யாரு, ஏன் அழுவுறான்"ன்னு கேட்டுடறாங்க, நானும் டீ ஆறிப்போற வரைக்கும் பேசிடறேன். திரும்பத் திரும்ப வர்ற கேள்வி எல்லாத்தையும் இங்க மொத்தமா எழுதிட்டேன், இனிமே கேக்குறவங்களுக்கு இத அனுப்பிட்டு நான் டீய குடிக்கலாம்.

யாருப்பா இவங்க? சுருக்கமா சொல்லு.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் டிசில 1980 கடைசில ஆரம்பிச்சு 1983 செப்டம்பர்ல கடைசி ஷோ போட்ட ஹார்ட்கோர் பங்க் பேண்ட். பாட்டு இயன் மக்காய், கிட்டார் லைல் ப்ரெஸ்லர், பேஸ் பிரையன் பேக்கர், டிரம்ஸ் ஜெஃப் நெல்சன். மூணு வருஷம்கூட முழுசா இல்ல. அவங்க வெளியிட்ட பாட்டையெல்லாம் சேத்தா 26, எல்லாத்தையும் வரிசையா ஓட விட்டா 50 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். நம்ம படத்துல இடைவேளை வர்றதுக்கே அத விட நேரமாகும்.

மைனர்னா நம்ம ஊரு மைனரா?

சிரிக்காதீங்க, இத நிஜமாவே மூணு பேர் கேட்டிருக்காங்க. கழுத்துல செயினு, சில்க் ஜிப்பா, அப்பா சொத்துல ஊர் சுத்துற மைனர் கிடையாது. வயசு வராத பசங்கன்ற அர்த்தம். பார்ல ஐடி கார்டு கேட்டு வெளிய தள்ளுவாங்களே, அந்த மைனர். கூடவே "சின்ன மிரட்டல்"னும் அர்த்தம் வரும், இவங்களால என்ன பெரிய ஆபத்து வந்துடப்போகுதுன்ற கிண்டல் அதுக்குள்ளயே இருக்கு. பேண்ட் ஆரம்பிச்சப்போ இயனுக்கு 18, பிரையனுக்கு 15. குடிக்கற வயசு கூட வராத பசங்க, ஆனா பாட்டு வாசிக்கற இடம் பூராவும் குடிக்கற இடம். இந்தக் கதைல பாதி பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது.

ஹார்ட்கோர்னா? பங்க்னாலே ஒரே கூச்சல்தானே?

1976, 77ல நியூயார்க், லண்டன்லேர்ந்து வந்த பங்க் எடுத்துக்கோங்க, அதுல இன்னும் பழைய ராக் அண்ட் ரோல் சாயல் இருக்கும், பேண்டுங்க பெரிய கம்பெனில ரெக்கார்ட் போட்டாங்க, ஃபேஷன் ஆயிடுச்சு. அடுத்து வந்த பசங்க அதுலேர்ந்து ஃபேஷன கழட்டிட்டு வேகத்த மட்டும் ரெண்டு மடங்கா ஏத்துனாங்க. பாட்டு ஒரு நிமிஷம், சோலோ கிடையாது, முன்னுரை கிடையாது. கலிஃபோர்னியால பிளாக் ஃபிளாக், டிசில பேட் பிரெயின்ஸ்.

இதுல பேட் பிரெயின்ஸ் பத்தி தனியா சொல்லணும். கறுப்பினத்தவங்க நாலு பேர், முதல்ல ஜாஸ் ஃப்யூஷன் வாசிச்சவங்க, அதனால கை சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம், அந்தக் கைய வெச்சுகிட்டு பங்க் வாசிச்சா எப்படி இருக்கும்? டிசில இருந்த எல்லா பசங்களும் அவங்கள பாத்துட்டு வீட்டுக்குப் போய் இன்னும் வேகமா வாசிச்சுப் பழகுனாங்க. மைனர் த்ரெட்டோட முதல் ஷோவே 1980 டிசம்பர்ல ஒரு வீட்டு பேஸ்மென்ட்ல சுமார் அம்பது பேர் முன்னாடிதான், அதுலயும் பேட் பிரெயின்ஸ் இருந்தாங்க. மைனர் த்ரெட் வேகமா இருந்தும் கலங்காம கேக்குதுன்னா, ஒவ்வொரு அடியும் தனித்தனியா விழுதுன்னா, அது அங்க கத்துகிட்ட பாடம்.

எங்கேர்ந்து ஆரம்பிச்சாங்க?

1979 பிப்ரவரில ஜார்ஜ்டவுன் யுனிவர்சிட்டில ஒரு ஷோ. டபிள்யூஜிடிபின்னு அந்த யுனிவர்சிட்டியோட ரேடியோ ஸ்டேஷன நிர்வாகம் மூடிட்டாங்க, அதுக்கு ஆதரவா நடந்தது, வாசிச்சது தி க்ராம்ப்ஸ். கூட்டம் தாங்கல, ஒரே களேபரம். ஸ்கூல் பையன் இயன் அங்க போனான், அதோட ஆள் மாறிட்டான். அதுவரைக்கும் ஸ்கேட்போர்டு வெச்சு சுத்திகிட்டிருந்த பையன். கூட சுத்துன ஃப்ரெண்டு பேரு ஹென்றி கார்ஃபீல்ட், ஜார்ஜ்டவுன்ல ஐஸ்கிரீம் கடைல வேல பாத்தவரு, பின்னாடி ஹென்றி ராலின்ஸ்ன்ற பேர்ல பிளாக் ஃபிளாக்ல பாடப்போய் உலகத்துக்கே தெரிஞ்ச ஆளா ஆனாரு.

இயனும் ஜெஃபும் ஒரே ஸ்கூல், வுட்ரோ வில்சன் ஹைஸ்கூல். ரெண்டு பேரும் டீன் ஐடில்ஸ்ன்னு ஒரு பேண்ட் வெச்சிருந்தாங்க, அதுல இயன் பாடல, பேஸ் வாசிச்சாரு. அந்த பேண்ட் 1980 நவம்பர்ல முடிஞ்சுது. அடுத்த மாசமே மைனர் த்ரெட் மேடை ஏறிடுச்சு.

கை மேல மார்க்கர்ல பெருசா எக்ஸ் போட்டுக்கறாங்களே, அது என்ன?

இது நல்ல கதை. 1980 கோடைல டீன் ஐடில்ஸ் பசங்க பஸ்ஸுலயே டிசிலேர்ந்து கலிஃபோர்னியா வரைக்கும் போனாங்க. மேப்ப எடுத்துப் பாருங்க, நாட்டோட ஒரு கரைலேர்ந்து அடுத்த கரை. சான் ஃபிரான்சிஸ்கோல மபுஹே கார்டன்ஸ்னு ஒரு கிளப், இவங்க வயசு பத்தாது, ஆனா வாசிக்க வந்திருக்காங்க, அதனால அங்க இருந்தவங்க கைல பெருசா எக்ஸ் போட்டு விட்டுட்டாங்க, பார்ல நிக்கறவர் பாத்தா சரக்கு குடுக்க மாட்டாரு.

ஊருக்கு வந்து "9:30"ன்னே பேரு வெச்ச ஒரு கிளப்புல இதையே பேசுனாங்க: எங்க கைல எக்ஸ் போடுங்க, உள்ள விடுங்க, ஒருத்தன் குடிச்சு மாட்டினாலும் எங்க எல்லாரையும் ஒரேயடியா வெளிய போட்டுடுங்க. கிளப்காரங்க ஒத்துக்கிட்டாங்க. அப்போ அந்தக் குறி வெறும் கேட் பாஸ்தான், பாட்டு கேக்கணும், உள்ள போகணும், அவ்ளோதான் கணக்கு. பின்னாடி அது ஒரு சத்தியப் பிரமாணம் மாதிரி ஆனது வேற கதை, கீழ வருது.

எந்த கம்பெனி இவங்க ரெக்கார்ட போட்டாங்க?

எந்த கம்பெனியும் போடல, அவங்களே போட்டுகிட்டாங்க. இந்த பேண்ட் கதைல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, அதனால கொஞ்சம் நீட்டிக்கறேன்.

டீன் ஐடில்ஸ் ஒரு வருஷமா ஷோ பண்ணி சேத்த காசு சில நூறு டாலர் இருந்துச்சு. பேண்ட் முடியப்போகுது, காச பிரிச்சுக்கலாமா, இல்ல ஏற்கனவே பதிவு பண்ணி வெச்ச பாட்ட ரெக்கார்டா போடலாமான்னு கேள்வி வந்துது. ரெக்கார்ட் போடலாம்னு முடிவு. பக்கத்து மேரிலாண்டுல ரெக்கார்ட் கடை வெச்சிருந்த ஸ்கிப் கிராஃப்ன்றவரு எங்க அச்சடிக்கணும்னு வழி காட்டுனாரு. 1980 டிசம்பர்ல 1000 காப்பி, இதுக்காக அவங்களே ஆரம்பிச்ச லேபிள், அதாவது ரெக்கார்ட் வெளியிடற கம்பெனி, பேரு டிஸ்கார்ட்.

இப்போ பிரச்சனை என்னன்னா, தட்டு வந்துடுச்சு, உறை இல்ல. ரெடிமேடா உறை செஞ்சு வாங்க காசு இல்ல. என்ன பண்ணாங்கன்னா, கைல இருந்த ஒரு ஏழு இஞ்ச் ரெக்கார்டோட உறைய எடுத்து, ஒட்டின ஓரத்தையெல்லாம் பிரிச்சு, தட்டையா விரிச்சு, டெய்லர் பழைய சட்டைய வெச்சு அளவு எடுக்கற மாதிரி அத அப்படியே படி எடுத்து, பெரிய தாள்ல பிரிண்ட் போட்டு வாங்கிட்டாங்க. அப்புறம் வட்டமா உக்காந்து கத்திரிக்கோலால வெட்டறது, மடிக்கறது, கோந்து போட்டு ஒட்டறது. ஒவ்வொரு உறையும் கையாலதான். அடுத்தடுத்து வந்த ரெக்கார்டுக்கும் இதேதான், ஆயிரக்கணக்குல பண்ணாங்க, வீட்டுக்கு வர்ற ஃப்ரெண்டுக்கும் கைல ஒரு கத்திரிக்கோல குடுத்துடுவாங்களாம். நம்ம வீட்ல கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்ச தடவ உக்கார வெப்பாங்களே, அதே கூத்து.

1981ல ஆற்றுக்கு அந்தப் பக்கம் வர்ஜீனியால ஆர்லிங்டன்ல ஒரு வீட்ட வாடகைக்கு எடுத்தாங்க, டிஸ்கார்ட் ஹவுஸ்னு பேரு. தங்கறது, பிராக்டிஸ், பார்சல் கட்டறது எல்லாம் அங்கதான். இயனும் ஜெஃபும் நடத்துன இந்த லேபிள் பேண்டுங்ககூட எழுத்துல ஒப்பந்தமே போடாது, பேச்சுதான். இன்னைக்கும் இருக்கு.

பாட்டு எங்க பதிவு பண்ணாங்க?

இன்னர் இயர் ஸ்டூடியோ. பேரு பெருசா இருக்கேன்னு பாக்காதீங்க, டான் சியன்டாரான்னு ஒருத்தரு ஆர்லிங்டன்ல தன் வீட்லயே வெச்சிருந்தது. முதல் ஈபி, அதாவது முழு ஆல்பத்த விட சின்ன ரெக்கார்ட், 1981 ஏப்ரல்ல பதிவாகி ஜூன்ல வந்துது. எட்டு பாட்டு, ஒரு ஏழு இஞ்ச் தட்டுல. அதோட அட்டைல இருக்குற மொட்டைப் பையன்தான் என் டிஷர்ட்ல இருக்கறது, இயனோட தம்பி அலெக், அவரும் பாடகர்தான், இந்த பேண்ட்ல கிடையாது. அழல, சும்மா கவுந்து உக்காந்திருக்காரு.

ஸ்ட்ரெயிட் எட்ஜ்னா என்ன?

அந்த முதல் ஈபில 46 செகண்ட் ஓடுற ஒரு பாட்டு. குடி, சிகரெட், போதை எதுவும் வேணாம், இது எதுவும் இல்லாமலே நான் தெளிவா இருக்கேன், அது உன்ன விட எனக்கு ஒரு படி அனுகூலம்னு சொல்றது. ஸ்கூல்ல கூட இருந்த பசங்க ஒவ்வொருத்தரா போதைல போறத பாத்து எழுதுனது. அந்தக் காலத்து ராக் உலகத்துல இது தலைகீழ். கலகம் பண்றவன்னா குடிக்கணும், தூள் இழுக்கணும், 27 வயசுல சாகணும்னு எழுதப்படாத சட்டம் மாதிரி இருந்துச்சு. அதுக்கு எதிரா ஒருத்தன் கலகம் பண்றான், அதுவும் எல்லார விட சத்தமா. கெட்டுப்போகாதேன்னு அப்பா சொன்னா அட்வைஸ், இவன் கத்துனா பங்க்.

46 செகண்ட் பாட்டு, அதுக்குப் பின்னாடி ஒரு இயக்கமே கிளம்பிடுச்சு. பாஸ்டன்ல எஸ்எஸ்டின்னு ஒரு பேண்ட், அப்புறம் 80களோட நடுவுல யூத் ஆஃப் டுடேன்னு இன்னொரு பேண்ட். கைல இருந்த கேட் பாஸ் எக்ஸ் இப்போ கொடி ஆயிடுச்சு.

அப்போ அவங்க மத்தவங்களுக்கு ரூல்ஸ் போட்டாங்களா?

இதுக்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுனேன்னு வெச்சுக்கோங்க.

"அவுட் ஆஃப் ஸ்டெப்"னு இன்னொரு பாட்டு. அதுல "டோன்ட் ஸ்மோக், டோன்ட் டிரிங்க்"னு வரும். இங்கிலீஷ்ல இத ரெண்டு விதமா படிக்கலாம். "நான் புகைக்க மாட்டேன், குடிக்க மாட்டேன்"ன்றத பேச்சுவழக்குல முன்னாடி இருக்குற "ஐ"ய முழுங்கிட்டு சொன்னாலும் அதேதான் வரும், "புகைக்காதே, குடிக்காதே"ன்னு உத்தரவு போட்டாலும் அதேதான் வரும். நம்ம தமிழ்ல இந்தக் குழப்பத்துக்கு வழியே இல்ல பாருங்க, மாட்டேன்னா நான், காதேன்னா நீ, வினையோட வாலுலயே ஆளு ஒட்டிகிட்டிருக்கும். தமிழ்ப் பாட்டா இருந்திருந்தா ஒரு பேண்டோட பாதி சண்டை மிச்சமாயிருக்கும்.

டிரம்மர் ஜெஃபுக்கு இது உறுத்திகிட்டே இருந்துச்சு. கேக்கறவன் இத கட்டளையா எடுத்துப்பான், "ஐ"ய போடுன்னாரு. நான் என்னப் பத்திதான் பாடறேன்னு தெளிவா இருக்கே, எதுக்கு போடணும்னு இயன். கடைசில பாட்டு வரிய அச்சடிக்கறப்போ அந்த "ஐ"ய அடைப்புக்குறிக்குள்ள போட்டாங்க. வேணும்ன்றவனுக்கு இருக்கு, வேணாம்ன்றவனுக்கு இல்ல. 1983ல அதே பாட்ட மறுபடி பதிவு பண்ணப்போ நடுவுல பாட்ட நிறுத்திட்டு இயன் பேச்சாவே சொல்றாரு, இது சட்டதிட்டம் இல்ல, யாருக்கும் என்ன செய்யணும்னு சொல்ல வரல, உலகத்துக்கே ரொம்ப முக்கியமா தெரியற சில விஷயம் எனக்கு அவ்ளோ முக்கியமா தெரியலன்னு மட்டும்தான் சொல்றேன்னு.

பிரயோஜனம்? நிறைய பேர் கேக்கல. பின்னாடி வந்த சில குரூப்புங்க பீர் பாட்டில் வெச்சிருந்தவன அடிச்ச அளவுக்கு போச்சு. இயன் இத்தன வருஷமா பேட்டிக்கு பேட்டி அது இயக்கம் இல்ல, நான் எழுதுனது ஒரு பாட்டுன்னு சொல்லிட்டே இருக்காரு. என்னக் கேட்டா ஜெஃப் சொன்னதுதான் சரி. ஒத்த எழுத்துதானே, போட்டுத் தொலைச்சிருக்கலாம்.

"கில்டி ஆஃப் பீயிங் வைட்"னு ஒரு பாட்டு இருக்கே, இனவெறியா?

இல்ல, ஆனா கேள்வி நியாயமான கேள்வி. இயன் படிச்ச ஸ்கூல்ல கறுப்பின பசங்க பெரும்பான்மை, அங்க வெள்ளைக்காரப் பையன்ன்ற ஒரே காரணத்துக்கு அடி வாங்குன அனுபவத்த வெச்சு எழுதுனது, தோல் நிறத்த வெச்சு ஆள எடை போடாதேன்றதுதான் அவர் சொல்ல வந்தது. ஆனா 19 வயசுப் பையனோட தெருச்சண்டை அந்த ஸ்கூல் வாசல விட்டு வெளிய போனா வேற அர்த்தம் எடுத்துக்கும்னு அவருக்கு அப்போ தோணல. 1996ல ஸ்லேயர்ன்ற மெட்டல் பேண்ட் இந்தப் பாட்ட பாடி கடைசி வரில "வைட்"ட "ரைட்"னு மாத்திட்டாங்க, இயனுக்கு அது சுத்தமா பிடிக்கல. நான் இந்தப் பாட்ட பிளேலிஸ்ட்ல வெச்சுக்கறதில்ல. எழுதுனவர் மனசு தெரியும், இருந்தாலும் கூட கேக்குறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் விளக்கம் குடுக்க முடியாது.

நடுவுல ஒருவாட்டி பிரிஞ்சாங்களாமே?

ஆமா, காரணம் ரொம்ப நம்ம வீட்டுக் காரணம்: காலேஜ். 1981ல லைல் படிக்கறதுக்கு நார்த்வெஸ்டர்ன் யுனிவர்சிட்டி போயிட்டாரு. ரெண்டாவது ஈபி "இன் மை ஐஸ்" அந்த டிசம்பர்ல வந்தப்போ பேண்டே இல்ல! 1982ல லைல் படிப்ப விட்டுட்டு வந்துட்டாரு, திரும்ப சேந்தாங்க. காசுக்காக சேந்துட்டானுங்கன்னு ஊர்ல பேச்சு, அதுக்கு பதிலா "கேஷிங் இன்"னு ஒரு நக்கல் பாட்டே போட்டு அத அட்டைல பேர் போடாம ரெக்கார்டோட கடைசில ஒளிச்சு வெச்சாங்க.

"அவுட் ஆஃப் ஸ்டெப்" அட்டைல ஆடு ஏன்?

1983 ஏப்ரல்ல வந்த பன்னெண்டு இஞ்ச் ரெக்கார்ட் அது. வெள்ளை ஆட்டுக் கூட்டத்துலேர்ந்து ஒரு கறுப்பு ஆடு மட்டும் தாவி விலகிப் போகுது, வரைஞ்சது சிந்தியா கானலி. இந்த சமயத்துல ஸ்டீவ் ஹான்ஸ்கன் பேஸுக்கு வந்துட்டாரு, பிரையன் ரெண்டாவது கிட்டாருக்கு மாறிட்டாரு, அதனால சத்தம் கொஞ்சம் தடிமனா இருக்கும்.

ஷோ எப்படி இருக்கும்?

1983 ஜூன்ல 9:30 கிளப்புல எடுத்த வீடியோ இருக்கு, பாருங்க. சின்ன மேடை, மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவுல இடைவெளியே இல்ல. இயன் பாதி வரி பாடுவாரு, மைக்க நீட்டுவாரு, முன்னாடி இருக்குற நாலஞ்சு பேர் ஒருத்தர் தோள் மேல ஒருத்தர் ஏறி மீதி வரிய மைக்குக்குள்ள கத்துவாங்க. பாடறவன் யாரு கேக்கறவன் யாருன்னு தெரியாது. பின்னாடி ஜெஃப் மட்டும் கடியாரம் மாதிரி அடிச்சிட்டு இருப்பாரு, அந்தக் கலவரத்துல ஒரு அடி கூட தவறாது.

ஏன் பிரிஞ்சாங்க?

பெரிய துரோகம், கேஸு, கோர்ட்டு எதுவும் இல்ல. மத்தவங்களுக்கு இசை வேற பக்கம் போகணும்னு ஆசை, யூ2ன்ற ராக் பேண்ட் மாதிரி விரிவான சத்தம், இயனுக்கு அதுல மனசு ஒட்டல, பிராக்டிஸுக்கு வர்றது குறைஞ்சுது. ஷோல அடிதடி வேற ஜாஸ்தி ஆயிட்டிருந்துச்சு. 1983 செப்டம்பர் 23, டிசில லான்ஸ்பர்க் சென்டர்ல கடைசி ஷோ. கூட வாசிச்சது டெக்சாஸ் பிக் பாய்ஸ், அப்புறம் ட்ரபுள் ஃபங்க். ட்ரபுள் ஃபங்க் பங்க் இல்ல, டிசியோட சொந்த ஆட்ட இசையான கோ கோ, நம்ம குத்து மாதிரி தாளம் நிக்காம ஓடும். ஒரே ஊர்ல பக்கத்து பக்கத்துல இருந்தும் கலக்காத ரெண்டு கூட்டம் அன்னைக்கு ஒரே ஹால்ல.

அந்த டிசம்பர்ல மூணு பாட்டு மட்டும் பதிவு பண்ணி வெச்சு, 1985ல "சாலட் டேஸ்"னு விட்டாங்க. மணிச்சத்தம், அகூஸ்டிக் கிட்டார் எல்லாம் வரும். பழைய நாள நெனச்சு ஏங்கறதையே திட்டற பாட்டு, அத எழுதுன ஆளுக்கு 21 வயசு!

அப்புறம் யாரு என்ன ஆனாங்க?

இயன் எம்ப்ரேஸ்னு ஒரு பேண்ட், அதுக்கப்புறம் 1987லேர்ந்து ஃபுகாஸின்னு இன்னொரு பேண்ட். ஃபுகாஸி டிக்கெட் பெரும்பாலும் 5 டாலர்தான், எந்த வயசுக்காரங்களும் வரலாம், அந்த 15 வயசுப் பசங்க வாசல்ல நின்னது அவருக்கு மறக்கல போல. பிரையன் டேக் நாஸ்டி பேண்ட், 1994லேர்ந்து பேட் ரிலிஜியன் பேண்ட். லைல் வக்கீல் ஆயிட்டாரு. ஸ்டீவ், டூல் பேண்டோட முதல் ஈபி "ஓபியேட்" தயாரிப்புல இருந்தாரு. ஜெஃப் டிஸ்கார்டோட இணை முதலாளி.

ஹரே கிருஷ்ணாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காமே?

நேரா இல்ல, பேரப்புள்ள வழில இருக்கு. யூத் ஆஃப் டுடேல பாடுன ரே கேப்போ இஸ்கான்ல சேந்து, ஷெல்டர்னு ஒரு பேண்ட் ஆரம்பிச்சாரு, கிருஷ்ண பக்திய ஹார்ட்கோர்ல பாடுனாங்க. சரக்கு இல்ல, சிகரெட் இல்ல, கறி இல்லன்னு வந்தவனுக்கு அங்க போறது ஒரு எட்டுதான். நம்ம வீட்டுப் பெரியவங்க காலங்காலமா சொல்ற லிஸ்ட், அமெரிக்கப் பசங்க மூக்குல ரத்தம் வர குதிச்சு கண்டுபிடிச்சாங்க.

நைக்கி மேட்டர் என்ன?

2005ல நைக்கியோட ஸ்கேட்போர்டிங் பிரிவு ஒரு டூருக்கு "மேஜர் த்ரெட்"னு பேரு வெச்சு, அலெக் படத்த அப்படியே பண்ணி ஷூவ மட்டும் தன் ஷூவா மாத்தி போஸ்டர் அடிச்சுது. டிஸ்கார்ட்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ரசிகருங்க கொதிச்சாங்க, நைக்கி மன்னிப்பு கேட்டு போஸ்டர வாபஸ் வாங்குச்சு. அதே படத்த ரான்சிட்ன்ற பங்க் பேண்ட் 1995ல தன் ஆல்பம் அட்டைல மரியாதையா திருப்பி செஞ்சிருந்தாங்க, அதுக்கு யாரும் கோவப்படல.

எங்கேர்ந்து கேக்க ஆரம்பிக்கறது?

1989ல வந்த "கம்ப்ளீட் டிஸ்கோகிராஃபி" போதும், மொத்த பேண்டும் அதுல இருக்கு. ஆனா ஒரே மூச்சுல கேக்காதீங்க, முதல் தடவ எல்லாம் ஒரே பாட்டு மாதிரிதான் இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. முதல் எட்டு பாட்டு மட்டும் கேளுங்க. டிரம்ஸ மட்டும் காதுல புடிச்சுகிட்டு போங்க, "ஃபில்லர்"ல பேஸ் முதல்ல தனியா உள்ள வரும், அந்த ரெண்டு செகண்டுல சவுண்ட ஏத்தி வெச்சுக்கோங்க. வீட்ல யாராச்சும் தூங்கிட்டிருந்தா ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க.